அலைகாட்டியின் நிலையைக் காத்தலும் மீட்டலும்

மின்னழுத்தத்தின் ஏற்றத்தாழ்வு கண்ணுக்குப் புலனாவதன்று. அதனைத் திரையில் அலையாக வரைந்து காட்டுங் கருவியே ஆஸிலாஸ்கோப் என்னும் அலைகாட்டி. 1897-ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் கார்ல் ஃபெர்டினாண்ட் பிரௌன் இயற்றிய குழாயே இதற்கு மூலமாம். இந்நாளைய அலைகாட்டியோ பெரும்பாலும் கணினியின் இனத்தைச் சார்ந்தது.

இக்கருவியைக் கையாள்வோர் முதற்கண் மூன்றினை வரையறுத்தல் வேண்டும். திரையின் ஒரு கட்டம் எத்தனை வோல்ட்டைக் குறிப்பது, எத்துணைக் காலத்தைக் குறிப்பது, அலை எவ்வளவை எட்டுங்கால் வரையத் தொடங்குவது என்பன அவை. இவையன்றிச் சிற்றமைப்புக்களும் பலவுள. விடுதியில் என் அறைத்தோழரான பௌதிக மாணவர் ஒருநாட் காலையில் வருந்தி அமைத்த நிலை, அவர் உண்டு மீள்வதற்குள் பிறரொருவர் கையாற் கலைந்தது. நினைவைத் துணைக்கொண்டு மீண்டும் அமைத்தார். அளவோ முன் கண்டதிற் பத்திலொரு பங்காயிற்று. 'ப்ரோப்' என்னும் தொடுமுனை அழுத்தத்தைப் பத்திலொன்றாகக் குறைத்தே கருவிக்குத் தரும். அதனைக் கருவிக்கு உணர்த்தும் அமைப்பொன்றை அவர் மறந்திருந்தார். அரைநாள் உழைப்பு வீணாயிற்று.

இதற்கு மருந்து நினைவன்று, எழுத்தே. 1987-இல் வெளிவந்த ஐ.ட்ரிப்பிள்.ஈ. 488.2 என்னும் நியமம் அளவைக் கருவிகளுக்கு ஒரு பொதுமொழி வகுத்தது. அம்மொழியின் இலக்கணம் எளிது. வாக்கியம் ஏவல், வினா என இருவகைப்படும். வினா கேள்விக்குறியால் முடியும். பொதுக்கட்டளைகள் நட்சத்திரக் குறியோடு தொடங்கும். எஸ்.ஏ.வி. என்னும் ஏவலால் கருவி தன் நிலையைத் தன்னகத்தே எண்ணிட்டு வைக்கும், ஆர்.சி.எல். என்பதால் மீட்கும். ஆயினும் அவ்வெண்ணிற் பிறரும் தம் நிலையை எழுதிவிடலாம் அன்றோ? ஆதலின் எல்.ஆர்.என். என்னும் வினாவே சிறந்தது. அதனை ஏற்கும் கருவி தன் அமைப்பு முழுவதையும் விடையாகத் தரும். அவ்விடையைத் திருப்பியனுப்பின் பழைய நிலையை அடையும்.

இவ்வினாவை லினக்ஸ் கணினியின் கட்டளை வரியிலிருந்தே அனுப்பலாம், எல்.எக்ஸ்.ஐ. டூல்ஸ் என்னும் இலவச மென்பொருள் அதற்கு உதவுவது. விடையைத் திரையிற் காட்டாது கோப்பிற் சேர்த்து, நாளும் சோதனையின் பெயரும் இட்டு வைக்க வேண்டும். மீட்குமுன் ஐ.டி.என். என்னும் வினாவால் கருவியின் பெயரையும் வகையையும் கேட்டறிதல் நன்று. ஒருவகைக் கருவியின் அமைப்பு மற்றொருவகைக்குப் பொருந்துமென நம்பலாகாது.

இம்முறைக்கும் எல்லையுண்டு. தொடுமுனையின்மேலுள்ள சிறு பொத்தானை எக்கட்டளையும் தள்ளாது. அதன் நிலையைக் கைப்படவே குறித்தல் வேண்டும்.

ஏட்டுச்சுவடிகளை ஒப்புநோக்கிப் பதிப்பிப்போர், இப்பாடம் எச்சுவடியிற் கண்டதென்று குறித்து வைப்பர். கண்டதனோடு கண்டவாற்றையும் கூறினாலன்றிப் பின்வருவோர் அதனைச் சோதித்தறிதல் இயலாது. கருவியின் நிலையைக் காத்தலும் அத்தகைய வாய்மையின் பாற்பட்டதே.