பங்குப் பதிவேடும் பறிபோன ஊரும்

இடம்பெயர்ந்த குடும்பம் எந்தக் கந்தோர் வாசலில் நின்றாலும் இரண்டு கேள்விகளை எதிர்கொள்ள வேண்டியிருக்கிறது. "உங்கள் ஊர் எது? அதற்கு அத்தாட்சி என்ன?" முதற் கேள்விக்கு நாம் உடனே பதில் சொல்லிவிடுகிறோம். இரண்டாவதில்தான் தடுமாறுகிறோம். 1990ஆம் ஆண்டு வன்செயலில் வீட்டோடு காணி உறுதியையும் இழந்தவர்கள், 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலையில் பிறப்புச் சான்றிதழையும் பறிகொடுத்தவர்கள் நம்மிடையே பலர். இதே கேள்விக்கு இங்கிலாந்து நாட்டுக் கிராமங்கள் எவ்வாறு பதில் தேடி வைத்தன என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

பங்கு என்றால் என்ன?

ஒரு கோவிலையும் அதைச் சூழ்ந்த குடிகளையும் வயல்களையும் ஓர் எல்லைக்குள் சேர்த்ததே பங்கு. இங்கிலாந்தில் பல நூற்றாண்டுகளாகப் பங்குதான் ஊராக இருந்தது. கோவிலின் பணத்தையும் பொருளையும் கவனிக்க மக்களிலிருந்தே விசாரணையாளர்கள் தெரிவு செய்யப்பட்டனர். நமது பகுதியில் கோவில்களுக்கு வண்ணக்கரும் பள்ளிவாசல்களுக்கு மரைக்காயரும் குடிகளின் சார்பில் இருந்து வருவதை அறிந்த நமக்கு இது புதுமையல்ல.

இரண்டு பூட்டுப் பெட்டி

1538ஆம் ஆண்டு எட்டாம் ஹென்றி மன்னரின் அமைச்சர் தோமஸ் குரொம்வெல் ஓர் ஆணை பிறப்பித்தார். ஒவ்வொரு பங்கிலும் நடைபெறும் திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றை வாரந்தோறும் ஒரு புத்தகத்தில் எழுத வேண்டும். அப்புத்தகத்தை இரண்டு பூட்டுள்ள பெட்டியில் வைக்க வேண்டும். ஒரு சாவி குருவிடமும் மற்றது விசாரணையாளரிடமும் இருக்கும். தனியொருவர் நினைத்தால் ஏட்டைத் திறந்து மாற்றி எழுத முடியாது.

1598 முதல் ஆண்டுதோறும் ஒரு பிரதி ஆயருக்கு அனுப்பப்பட்டது. கோவில் எரிந்தாலும் வெள்ளம் வந்தாலும் பெயர்கள் வேறோர் இடத்தில் தப்பியிருக்கும். கத்தோலிக்க திருச்சபையிலும் 1563இல் திரெந்துப் பொதுச்சங்கம் திருமுழுக்கு, திருமணப் பதிவேடுகளை எழுதி வைக்கும்படி கட்டளையிட்டது. இலங்கைக் கரையோரத்தில் ஒல்லாந்தர் எழுதிய காணித் தோம்பும் பள்ளிக்கூடத் தோம்பும் இத்தகையவையே. அதற்கும் முன்னரே நமது தம்பிலுவில் கல்வெட்டு, விஜயபாகு என்னும் மன்னன் காலத்துக் கோவிற் கொடையொன்றைக் கல்லில் பதித்து வைத்திருக்கிறது.

எல்லை நடை

ஆண்டவரின் விண்ணேற்பு விழாவுக்கு முந்திய மன்றாட்டு நாட்களில் குருவும் மக்களும் பங்கின் எல்லையைச் சுற்றி நடப்பார்கள். சிறுவர்களையும் கட்டாயம் கூட்டிச் செல்வார்கள். எல்லைக் கல், பழைய மரம், நீரோடை என ஒவ்வோர் அடையாளத்திலும் நின்று செபிப்பார்கள். படமும் அளவையும் இல்லாத காலத்தில், அறுபது ஆண்டுகள் கழித்தும் சாட்சி சொல்லக்கூடியவர்கள் அந்தச் சிறுவர்கள்தான்.

ஆனால் இந்த ஏற்பாட்டில் ஒரு தீமையும் இருந்தது. 1662ஆம் ஆண்டுச் சட்டப்படி, வேறு பங்கிலிருந்து பிழைக்க வந்த ஏழையை, அவன் உதவி கேட்டுவிடுவான் என்று அஞ்சி, சொந்தப் பங்குக்குத் திருப்பி அனுப்பலாம். "இவர் நம்மவர்" என்று சொல்ல வந்த ஏற்பாடே "இவர் நம்மவர் அல்லர்" என்று விரட்டவும் உதவியது. இடம்பெயர்ந்தோரை ஏற்கும் ஊர்கள் இதை மறக்கக் கூடாது.

டைனம் கிராமம்

இரண்டாம் உலகப் போரின்போது, 1943 டிசம்பரில், டோர்செட் பகுதியிலுள்ள டைனம் கிராமத்தை இராணுவம் பயிற்சிக்கென எடுத்துக்கொண்டது. ஏறக்குறைய 225 பேர் வெளியேறினர். கோவிலையும் வீடுகளையும் கவனமாகப் பாருங்கள், நாங்கள் ஒருநாள் திரும்பி வருவோம் என்று கோவில் கதவில் ஒரு கடிதம் குத்தப்பட்டிருந்தது. போர் முடிந்தது. 1948இல் அரசு அந்நிலத்தைக் கட்டாயமாகச் சுவீகரித்தது. மக்கள் குடியேறவே இல்லை. அவர்களில் பெரும்பாலானோர் வாடகைக் குடிகள். எனவே தோட்டத்தில் நின்ற மரக்கறிக்கு மட்டுமே நட்டஈடு கிடைத்தது. பெர்மிட் இன்றிச் சேனை செய்தவர்களுக்கும், குத்தகைக்கு வயல் செய்தவர்களுக்கும் இதன் பொருள் நன்றாக விளங்கும்.

இன்று டைனத்தில் கோவிலும் பள்ளிக்கூடமும் காட்சியகங்களாக உள்ளன. வீடுகள் இடிந்த சுவர்களாய் நிற்கின்றன.

நாம் செய்யக்கூடியவை

1. கத்தோலிக்கர் தமது பங்கில் திருமுழுக்குப் பதிவின் பிரதியைக் கேட்டுப் பெறுங்கள். பெற்றோரின் பெயரும் திகதியும் அதிலுண்டு. பின்னர் நடந்த திருமணமும் ஓரத்தில் குறிக்கப்பட்டிருக்கும். எச்சமயத்தவராயினும் பிள்ளைகளின் பாடசாலை அனுமதிப் பதிவேடு உதவும்.

2. பெர்மிட் தொலைந்தால் காணி தொலைந்ததாகாது. பெர்மிட் காணிகளின் பேரேடு பிரதேச செயலகத்தில் இருக்கும். உறுதியின் பிரதியைக் காணிப் பதிவகத்தில் தேடலாம். பிறப்பு, திருமண, இறப்புச் சான்றிதழ்களின் பிரதிகளையும் பிரதேச செயலகத்தில் பெறலாம். தகவல் மறுக்கப்பட்டால் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் எழுத்தில் கேளுங்கள்.

3. ஊர்ப் புத்தகம் ஒன்று எழுதுங்கள். வட்டையின் பெயர், கண்டங்கள், வாய்க்கால், குளம், மயானம், ஒவ்வொரு வயலுக்கும் நாற்றிசையிலும் இருந்த அயலவர் யார் என்பதை முதியவர்களிடம் கேட்டு எழுதி, பலர் கையொப்பமிடுங்கள். அயலவர் தமிழரோ முஸ்லிமோ, அவருடைய கையொப்பமே பலமான சாட்சி. போகக்கூடிய இடமாயின் பிள்ளைகளை அழைத்துச் சென்று எல்லையைக் காட்டுங்கள்.

4. மூன்று பிரதிகள் எடுத்து மூன்று இடங்களில் வையுங்கள். இரண்டு பூட்டுப் பெட்டியின் பாடம் இதுதான்.

இப்புத்தகம் தானாக வயலை மீட்டுத் தராது. டைனம் மக்களின் பதிவேடு அவர்களுக்கு மீட்டுத் தரவில்லை. ஆயினும் அரசாங்கம் மாறும், அதிகாரி மாறுவார், விசாரணை ஒன்று வரும். அன்று எல்லை தெரிந்த முதியவர் உயிரோடு இல்லாமல் போகலாம். ஆகவே அடுத்த போக வேலை தொடங்குமுன், இந்த மாதத்திலேயே ஊரின் மூத்தவர் ஒருவரோடு கொப்பியும் பேனையுமாக உட்காருங்கள்.