கைமாறிய கிட்டார் – 6: அளந்தால் பொருந்தும்

பழைய எலக்ட்ரிக் கிட்டாரைப் பேரம் பேசி வாங்கி வந்தவர்கள் முதல் வேலையாக டியூனிங் கீ செட் ஒன்றுக்கு ஆர்டர் போடுகிறார்கள். சுருதி நிற்கவில்லை, அப்படியென்றால் கீ தேய்ந்துவிட்டது என்று தீர்ப்பு. பாவம், அந்தக் கீ பெரும்பாலும் நிரபராதி. கம்பியை முறுக்கும்போது தலைப்பக்கம் 'டிக்' என்று சத்தம் கேட்கிறதா? கழுத்தின் மேல்முனையில் கம்பிகளைத் தாங்கும் 'நட்' பட்டையின் பள்ளத்தில் கம்பி சிக்கிச் சிக்கி விடுபடுகிறது. பென்சில் முனையைப் பள்ளத்துக்குள் நன்றாகத் தேயுங்கள். புதுக் கம்பி மாட்டி, இரண்டு மூன்று சுற்றோடு நிறுத்தி, கையால் இழுத்துவிட்டு மறுபடி சுருதி சேருங்கள். அதற்குப் பிறகும் இறங்கினால் கீயைச் சந்தேகப்படலாம்.

சந்தேகம் உறுதியானாலும் உடனே கடைக்கு ஓட வேண்டாம். முதலில் ஒரு வெர்னியர் காலிபர் வேண்டும். கிட்டார் உதிரி பாகங்களைப் பெயர் சொல்லி வாங்குவது பணத்துக்குக் கேடு. 1954-இல் ஃபெண்டர் கம்பெனி ஸ்ட்ராட்டோகாஸ்டரைக் கொண்டுவந்தபோது எல்லா அளவும் அங்குலத்தில் இருந்தது. பிறகு ஆசியத் தொழிற்சாலைகள் அதே உருவத்தை மில்லிமீட்டரில் செய்தன. பார்க்க இரண்டும் அச்சு அசல். திருகு ஓட்டைகள் மட்டும் ஒத்துப்போகாது.

பிரிட்ஜையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு திருகில் நிற்கும் அந்தப் பழைய அமெரிக்க வகையில், முதல் திருகுக்கும் கடைசித் திருகுக்கும் இடைவெளி சுமார் 56 மில்லிமீட்டர். ஆசிய நகல்களில் அது 52 முதல் 54-க்குள் எங்கேயாவது இருக்கும். "ஸ்ட்ராட் பிரிட்ஜ்" என்று கேட்டு வாங்கி வந்தால், நடுவில் இரண்டு திருகு இறங்கும், ஓரத்துத் திருகுகள் மரத்தில் முட்டி நிற்கும். அடியில் தொங்கும் இரும்புக் கட்டியும் சிக்கல்தான். மலிவு கிட்டார்களின் உடம்பு கொஞ்சம் மெல்லிசு, முழு நீளக் கட்டி முதுகுப் பக்கம் துருத்திக்கொண்டு வெளியே வரும்.

டியூனிங் கீயும் அப்படித்தான். இன்றைய மூடிய வகைக் கீக்குத் தலையில் 10 மில்லிமீட்டர் ஓட்டை வேண்டும். பழைய திறந்த வகைக்கு ஒன்பதுக்கும் குறைவு. சின்ன ஓட்டையில் பெரிய கீயை ஏற்ற மரத்தைக் குடைய வேண்டும், அதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். பெரிய ஓட்டையில் பழைய கீ போட வேண்டுமென்றால் அதற்கென்றே இடைப்பூண் விற்கிறார்கள். பின்பக்கத் திருகு எந்தக் கோணத்தில் இருக்கிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த அங்குலச் சண்டையில் அதிகம் அடிபடுவது கழுத்துக்குள் இருக்கும் டிரஸ் ராடு. கம்பியின் இழுப்புக்குக் கழுத்து வளையாமல் எதிர்த்து நிற்கும் இரும்புக் கம்பி அது. கிப்சன் கம்பெனியின் டெட் மெக்யூ 1920-களில் காப்புரிமை வாங்கிய யோசனை. அதைத் திருப்ப அமெரிக்கக் கிட்டார்களில் 1/8 அங்குல ஆலன் கீ கேட்கலாம். மில்லிமீட்டரில் அது 3.175. வீட்டில் கிடக்கும் 3 மில்லிமீட்டர் கீ உள்ளே சுலபமாகப் போய்விடும், அதுதான் ஆபத்து. கொஞ்சம் அழுத்தித் திருப்பினால் அறுகோணக் குழியின் மூலைகள் மழுங்கி வட்டமாகிவிடும். அப்புறம் எந்தக் கீயும் பிடிக்காது. பழைய கிட்டார் வாங்கும்போதே டார்ச் அடித்து அந்தக் குழியைப் பார்த்துவிடுங்கள். கீ சரியாக இறுக்கமாக உட்கார்ந்தால், ஒரு தடவைக்குக் கால் சுற்று போதும். திருப்பிவிட்டு, மறுபடி சுருதி சேர்த்துப் பார்த்த பிறகுதான் அடுத்த கால் சுற்று.

மின்சாரப் பக்கம் சென்னைக்காரர்களுக்குக் கொடுப்பினை உண்டு. ரிச்சி தெருவில் ஜாக், கெப்பாசிட்டர், வால்யூம் பாட் எல்லாம் கிட்டார் கடை விலையில் ஒரு பங்குக்குக் கிடைக்கும். ஒற்றைச் சுருள் பிக்கப்புக்கு 250கே பாட், இரட்டைச் சுருள் ஹம்பக்கருக்கு 500கே பாட் என்பது வழக்கம். எண்ணுக்கு முன்னால் 'ஏ' இருக்கிறதா, 'பி' இருக்கிறதா என்று பாருங்கள். வால்யூமுக்கு 'ஏ' வேண்டும். 'பி' போட்டால் நாபை முக்கால்வாசி திருப்பும்வரை ஒன்றும் குறைந்தமாதிரி தெரியாது, கடைசியில் சட்டென்று விழும். டோனுக்கான கெப்பாசிட்டரில் 223 என்றோ 473 என்றோ அச்சடித்திருக்கும். 0.022, 0.047 மைக்ரோஃபாரட் என்பதைத்தான் அப்படிச் சுருக்கி எழுதுகிறார்கள். இங்கேயும் காலிபர் வேலை செய்கிறது. அமெரிக்கப் பாட்டின் கழுத்து சுமார் 9.5 மில்லிமீட்டர், அதன் தண்டில் 24 பல். நம்மூரில் கிடைப்பதற்குக் கழுத்து ஒல்லி, பல் 18. பழைய நாப் அதன்மேல் சரியாக உட்காராது.

ஆனால் 'கரகர' என்று சத்தம் வருகிறதென்பதற்காகப் பாட்டை மாற்றாதீர்கள். கான்டாக்ட் கிளீனரை உள்ளே அடித்து, நாபை முன்னும் பின்னும் நாலைந்து நிமிடம் சுழற்றினால் பல சமயம் சரியாகிவிடும். கதவுக் கீலுக்கு அடிக்கும் எண்ணெயை அடிக்க வேண்டாம், தூசியை அது பசைபோல் பிடித்துக்கொள்ளும். கிட்டார் அடியோடு ஊமையாகிவிட்டதென்றால் ஜாக்கைக் கழற்றிப் பாருங்கள். நட்டு தளர்ந்து ஜாக் சுற்றிச் சுற்றி, ஒயர் அறுந்திருக்கும். சால்டரிங் அயர்ன் பிடிக்கத் தெரிந்தால் ஐந்து நிமிட வேலை.

ஒரு சுவாரசியம். பழைய அமெரிக்கக் கிட்டார் என்று சொல்லி யாராவது விற்றால், பாட்டின் முதுகில் பொறித்த எண்ணைப் படியுங்கள். 1377633 என்றிருந்தால், 137 என்பது சிடிஎஸ் கம்பெனியின் குறி, 76 ஆண்டு, 33 வாரம். 1976 ஆகஸ்டில் செய்த பாட். உள்ளே இருப்பது அசல் பாட்தான் என்றால், அந்தக் கிட்டார் அதற்கு முந்தையதாக இருக்க முடியாது. '72 மாடல்' என்று சத்தியம் செய்கிறவரிடம் இதைக் காட்டினால் விலை இறங்கும்.

மரவேலையில் வீட்டிலேயே செய்யக்கூடியவை இரண்டு. வார் மாட்டும் குமிழின் திருகு ஓட்டை பெருத்துவிட்டால், மருந்து நீக்கிய தீக்குச்சிகளை ஃபெவிகாலில் தோய்த்து ஓட்டையில் செருகி, ஓர் இரவு காயவிட்டுத் திருகை ஏற்றுங்கள். நட் பள்ளம் ஆழமாகி, விரல் வைக்காத கம்பி மட்டும் ஜிவ்வென்று இரைந்தால், பள்ளத்தில் துளி ஆப்ப சோடா தூவி ஃபெவிக்விக் ஒரு சொட்டு விடுங்கள். உடனே கல்லாக இறுகும். மெல்லிய அரத்தால் மறுபடி பள்ளம் எடுக்கலாம். இது தற்காலிக வைத்தியம்தான், எலும்பு நட் கிடைக்கும்வரை தாங்கும்.

தலை முறிவு, முறுக்கிய கழுத்து, அக்கூஸ்டிக்கில் மேலெழும்பிய பிரிட்ஜ், இவற்றில் கை வைக்காதீர்கள். ரிப்பேர்காரரிடம் கொடுங்கள்.

புது உதிரி தேடி அலுத்தவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. கழுத்து உடைந்ததால் யாருக்கும் வேண்டாமல் கிடக்கும் அதே கம்பெனிக் கிட்டாரை மொத்தமாக வாங்கிவிடுவது. கீ, பிரிட்ஜ், நாப், திருகு எல்லாம் பெரும்பாலும் ஒரே அளவு மரபில் வந்தவையாக இருக்கும். அதையும் காலிபர் வைத்துப் பார்த்துவிட்டே காசு கொடுங்கள். கழற்றிய அசல் பாகங்களை மட்டும் பையில் போட்டு, எந்தக் கிட்டாருடையது என்று சீட்டெழுதி வையுங்கள். நாளைக்கு விற்கும்போது வாங்க வருபவர் முதலில் அதைத்தான் கேட்பார்.

(தொடரும்)