போன் போனாலும் போட்டோ போகக் கூடாது!

குற்றாலத்தில் சீசன் என்றால் எங்கள் தென்காசி வீட்டில் கூட்டத்துக்குக் கேட்கவா வேண்டும்! சாரல் விழுந்த செய்தி காதில் பட்டதுமே மதுரையிலிருந்தும் சென்னையிலிருந்தும் உறவுகள் வந்து இறங்கிவிடும். சென்ற சீசனுக்கு என் நாத்தனாரும், அவர் மகளும், மகளின் எட்டு மாதக் குழந்தையும் வந்திருந்தார்கள்.

ஐந்தருவியில் குளித்துவிட்டு ஈரப்படியில் இறங்கும்போதுதான் அது நடந்தது. குழந்தைக்குத் தலை துவட்டுவதற்காகப் பையிலிருந்து துண்டை உருவினாள் அந்தப் பெண். துண்டோடு செல்போனும் வெளியே வந்து, ஒரு துள்ளுத் துள்ளி, ஓடுகிற தண்ணீரில் விழுந்தது. அவ்வளவுதான். எங்கே போயிற்றென்றே தெரியவில்லை.

"அத்தை, எம் பிள்ளை படமெல்லாம் அதுலதான் இருக்கு!" என்று அங்கேயே அழ ஆரம்பித்துவிட்டாள்.

"அழாதம்மா. படமெல்லாம் தானா மேல ஏறிருதுன்னு நீதானே சொல்லுவே? வேற போன்ல பார்த்துக்கிடலாம்" என்று தேற்றி அழைத்து வந்தேன்.

வீட்டுக்கு வந்து என் போனில் அவள் கணக்கைத் திறக்கப் பார்த்தால், ஓ.டி.பி. கேட்கிறது. ஓ.டி.பி. வருவதோ தண்ணீரில் போன போனுக்கு! டூப்ளிகேட் சிம் வாங்கி உள்ளே நுழைய இரண்டு நாள் ஆயிற்று. ஐப்பசியில் குழந்தை பிறந்த படம் இருந்தது. பெயர் சூட்டியது இருந்தது. தை மாதத்தோடு சரி. அதற்கு மேல் ஒன்றும் இல்லை! குப்புற விழுந்தது, காது குத்தியது, முதல் பிடி சோறு ஊட்டியது, தடுப்பூசி அட்டையை எடுத்து வைத்த படம்... எதுவுமே மேலே ஏறவில்லை. சேமிக்கும் இடம் நிரம்பிவிட்டதாம்.

"என்னமோ நோட்டீஸ் வந்துச்சு அத்தை. தினமும் நூறு வருதுல்லா, தள்ளி விட்டுட்டேன்" என்றாள் பாவம்.

கடைசியில் கை கொடுத்தது யார் தெரியுமா? அவள் மாமியார்! "பேரன் படம் அனுப்பு, பேரன் படம் அனுப்பு" என்று அவர் நச்சரித்ததால் வாட்ஸப்பில் அனுப்பிய படங்களில் நாற்பது, ஐம்பது அந்த அம்மாளின் போனில் பத்திரமாக இருந்தன. மற்றவை போனவை போனவைதான்.

அன்றிலிருந்து இந்தக் 'காப்புப் பிரதி' விஷயத்தை நானும் கொஞ்சம் கண்ணும் கருத்துமாகக் கவனிக்க ஆரம்பித்தேன். தெரிந்துகொண்டதை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

கண்ணாடி வேறு, போட்டோ வேறு

நம்மில் பலர் குழப்பிக்கொள்வது இங்கேதான். 'சிங்க்' என்பது ஒன்று. 'பேக்கப்' என்பது இன்னொன்று.

சிங்க் என்பது கண்ணாடி மாதிரி. நெற்றியில் பொட்டு வைத்தால் கண்ணாடியிலும் பொட்டு. பொட்டை அழித்தால் கண்ணாடியிலும் அழிந்துவிடும். பேக்கப் என்பது நேற்று எடுத்த போட்டோ மாதிரி. இன்றைக்குப் பொட்டை அழித்தாலும் போட்டோவில் பொட்டு அப்படியே இருக்கும்.

நம் போனில் இருக்கும் படச் சேமிப்பு ஆப்கள் பெரும்பாலும் கண்ணாடி வகைதான். 'எல்லாம்தான் மேலே இருக்கே, போனில் இடத்தை அடைக்குதே' என்று போனில் அழிக்கிறோம். கூகுள் போட்டோஸிலும் ஆப்பிளின் ஐகிளவுடிலும் அப்படி அழித்தால் மேலேயும் சேர்ந்தே அழியும். போனில் மட்டும் இடம் வேண்டுமென்றால், கூகுள் போட்டோஸில் 'இடத்தைக் காலி செய்' என்று தனியாக ஒரு வசதி இருக்கிறது. அதைத்தான் பயன்படுத்த வேண்டும்.

தெரியாமல் அழித்துவிட்டாலும் உடனே பதற வேண்டாம். குப்பைத் தொட்டி என்று ஒன்று உண்டு. கூகுள் போட்டோஸில் மேலே ஏறிய படம் 60 நாள் அதில் கிடக்கும். ஆப்பிளில் 30 நாள். அதற்குள் எடுத்துவிட்டால் தப்பித்தோம்.

தட்டிப் பார்த்து வாங்குங்கள்

கத்தரிக்காய் என்றால் காம்பைப் பார்க்கிறோம். தேங்காய் என்றால் தட்டிப் பார்க்கிறோம். பிள்ளையின் படத்தை ஒப்படைக்கிற ஆப்பை மட்டும் விளம்பரத்தைப் பார்த்து நம்பிவிடலாமா? இந்தக் கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்.

1. எவ்வளவு இடம்? கூகுள் இலவசமாகத் தருவது 15 ஜி.பி. மெயில், டிரைவ், போட்டோ மூன்றுக்கும் சேர்த்துத்தான் அது! 2021 ஜூன் 1-க்கு முன்பு, அளவு குறைத்து ஏற்றிய படங்களுக்குக் கணக்கில்லை. இப்போது எல்லாமே கணக்கில் சேரும். 2024 முதல் ஆண்ட்ராய்டு போனின் வாட்ஸப் சேமிப்பும் இதே இடத்தைத்தான் தின்கிறது. ஆப்பிளும் மைக்ரோசாப்டும் 5 ஜி.பி., டிராப்பாக்ஸ் 2 ஜி.பி. இலவசமாகத் தருகின்றன. வீடியோ எடுக்கிற கைக்கு இதெல்லாம் எந்த மூலைக்கு?

2. நின்றால் சொல்லுமா? நல்ல ஆப் என்றால் கடைசியாக எப்போது ஏற்றியது என்பதைத் திறந்தவுடன் காட்ட வேண்டும். அதைத் தேடிப் பிடிக்க நாலு இடம் தட்ட வேண்டியிருந்தால், அது நம் வீட்டுக்கு ஆகாது.

3. வை-பை இருந்தால்தான் வேலை செய்யுமா? பல ஆப்கள் வை-பையில் மட்டும் ஏற்றும்படி அமைக்கப்பட்டிருக்கும். நம் வீட்டில் சிம் டேட்டா மட்டும்தான் என்றால், மாதக்கணக்கில் ஒரு படம்கூட ஏறாது! அமைப்புக்குள் போய் மாற்றுங்கள். அல்லது வை-பை உள்ள வீட்டுக்குப் போகும்போது ஏற்றுங்கள்.

4. எதையெல்லாம் எடுத்துக்கொள்ளும்? கேமராவில் எடுத்த படத்தைத் தானாக எடுத்துக்கொள்ளும். வாட்ஸப்பில் வந்த படத்தையும், டவுன்லோடு செய்த ஸ்கேன் ரிப்போர்ட்டையும் நாம் சொன்னால்தான் எடுத்துக்கொள்ளும். மாமனாரின் ஈ.சி.ஜி., குழந்தையின் ரத்தப் பரிசோதனை முடிவு எல்லாம் பெரும்பாலும் அங்கேதானே கிடக்கின்றன?

5. வேறு போனிலிருந்து திறக்க முடியுமா? என் நாத்தனார் மகள் பட்ட பாட்டைப் பார்த்தீர்களல்லவா? கூகுள் கணக்கில் 'பேக்கப் கோடு' என்று பத்து எண்கள் தருவார்கள். போன் இல்லாதபோது அதை வைத்து உள்ளே நுழையலாம். காகிதத்தில் எழுதி, பீரோவில் நகைச் சீட்டோடு வையுங்கள். வீட்டுக்காரருக்கும் இடத்தைச் சொல்லி வையுங்கள்.

6. தொடாமல் விட்டால்? இரண்டு வருஷம் எட்டிக்கூடப் பார்க்காத கணக்கை கூகுள் அழித்துவிடலாம். இந்த விதி 2023 டிசம்பர் முதல் நடைமுறையில் இருக்கிறது. பழைய மெயில் கணக்கில் கல்யாணப் படம் இருந்தால் இன்றைக்கே ஒருமுறை திறந்து பாருங்கள்.

சாம்பார் பரீட்சை

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று உண்டு. ஏற்றியதைத் திரும்ப எடுத்துப் பார்த்தீர்களா?

இன்று வைத்த சாம்பாரை ஒரு போட்டோ எடுங்கள். மேலே ஏறட்டும். வீட்டில் வேறொரு போனில் உங்கள் கணக்கைத் திறந்து, அந்தப் படத்தை இறக்கிப் பாருங்கள். பெரிதாக்கினால் தெளிவாக இருக்கிறதா? பிறகு உங்கள் போனில் அதை அழியுங்கள். குப்பைத் தொட்டியிலிருந்து மீட்டு எடுங்கள். முடிந்ததும் அந்த வேறு போனிலிருந்து உங்கள் கணக்கை வெளியேற்ற மறக்காதீர்கள். பத்து நிமிஷ வேலை. இதில் தேறாத ஆப் எத்தனை நட்சத்திரம் வாங்கியிருந்தாலும் வேண்டாம்.

பெரிய கம்பெனிக்காரர்கள்கூட இந்தப் பரீட்சையை மறந்து மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் பிக்சார் நிறுவனம் 'டாய் ஸ்டோரி 2' என்ற பொம்மைப் படத்தை எடுத்துக்கொண்டிருந்தது. 1998-ல் யாரோ தவறான கட்டளை ஒன்றைக் கொடுக்க, படத்தின் பெரும்பகுதி கம்ப்யூட்டரிலிருந்து மளமளவென்று அழிந்துவிட்டது. 'பேக்கப் இருக்கிறதே' என்று போய்ப் பார்த்தால் அதுவும் சரியாக வேலை செய்யவில்லை! அதுவரை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை.

படத்தைக் காப்பாற்றியவர் ஒரு இளம் தாய். கேலின் சஸ்மன் என்ற தொழில்நுட்ப இயக்குநருக்கு அப்போது கைக்குழந்தை. அதனால் வீட்டிலிருந்தே வேலை பார்க்க ஒரு பிரதியை வீட்டுக் கம்ப்யூட்டரில் வைத்திருந்தார். அதைப் போர்வையில் சுற்றிக் காரில் வைத்துக் கொண்டுவந்து சேர்த்தார்கள். படம் 1999-ல் வெளிவந்தது.

மூன்று, இரண்டு, ஒன்று

இதிலிருந்து வருவதுதான் கம்ப்யூட்டர்காரர்கள் சொல்லும் 3-2-1 கணக்கு. மூன்று பிரதி, இரண்டு விதமான இடம், ஒன்றாவது வீட்டுக்கு வெளியே. நமக்குப் புரிகிறபடி சொன்னால், போனில் ஒன்று. ஹார்டு டிஸ்கில் ஒன்று. இணையத்திலோ அம்மா வீட்டுப் பீரோவிலோ ஒன்று.

வெளியே எதற்கு என்கிறீர்களா? 2023 டிசம்பர் 17, 18-ல் நெல்லை, தூத்துக்குடி, தென்காசி, குமரி மாவட்டங்களில் கொட்டிய மழையை மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர்! வீட்டுக்குள் வெள்ளம் வந்தால், போனும் டிஸ்கும் ஒரே அலமாரியில் இருந்து என்ன பயன்?

இணையத்தை மட்டும் நம்பவும் கூடாது. மைஸ்பேஸ் என்ற தளம், மக்கள் பன்னிரண்டு வருஷமாக ஏற்றி வைத்திருந்த பாட்டுகளை இடம் மாற்றும்போது தொலைத்துவிட்டதாக 2019-ல் ஒப்புக்கொண்டது. ஹார்டு டிஸ்கும் சாகாவரம் பெற்றதல்ல. வருஷத்துக்கு ஒருமுறை, சரஸ்வதி பூஜைக்குப் புத்தகம் துடைக்கும்போது, அதையும் போட்டுத் திறந்து பாருங்கள்.

எங்கள் தென்காசிக் கோவிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன், பிற்காலத்தில் இந்தக் கோவிலுக்குக் குறை ஏதும் வந்தால் அதைச் சரிசெய்து காப்பவர்களைத் தான் பணிவதாகக் கல்வெட்டில் பொறித்து வைத்திருக்கிறான். கட்டும்போதே கெட்டுப்போகும் காலத்தையும் நினைத்திருக்கிறான். கோபுரம் இடிந்து நெடுங்காலம் மொட்டையாக நின்றதும், திரும்பக் கட்டி 1990-ல் கும்பாபிஷேகம் நடந்ததும் இந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும்.

என் நாத்தனார் மகள் இப்போது உஷார். மாதப் பிறப்பன்று 'கடைசியாக ஏறிய தேதி' பார்க்கிறாள். டிஸ்க் ஒன்று வாங்கி எங்கள் வீட்டில் கொடுத்து வைத்திருக்கிறாள். போன வாரம் போன் செய்தாள்: "அத்தை, சாம்பார் பரீட்சையில பாஸ்!"

நீங்களும் இன்று உலையில் அரிசி போட்டுவிட்டு, போனைக் கையில் எடுங்கள். சோறு வேகிற நேரம் போதும்.