நீர் ஏறாத மேல்மாடி

நிலத்தடித் தொட்டி நிறைந்திருந்தும், இடையிலுள்ள குழாய் அடைத்துக்கொண்டால் மேல்மாடி வறண்டுபோகும் என்பதைப் பம்பலப்பிட்டித் தொடர்மாடிகளில் குடியிருப்போருக்கு ஒருவர் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. நாரிநோவோடு படியேறிக்கொண்டிருந்த அயல்வீட்டு அம்மா ஒருவர், இடையில் நின்று, “தம்பி, எங்கட இரத்தத்தையே எடுத்து ஊசியாப் போட்டால் தேய்ஞ்ச டிஸ்க் திரும்ப வளருமாமே, மெய்யோ?” என்று வினவியபோது, எனக்கு அந்தக் குழாயே முதலில் நினைவுக்கு வந்தது.

முள்ளந்தண்டின் என்புகளுக்கிடையே மெத்தைபோல் அமைந்த, டிஸ்க் எனப்படும் 23 இடைத்தட்டுகளும் சரீரத்தின் பெரும்பாலான பகுதிகளினின்று ஒரு விசேஷத்தால் வேறுபடுவன. வளர்ந்தோரில் அவற்றின் நடுப்பகுதிக்குக் குருதிக்குழாய் கிடையாது. வெளியே நார்வளையம், உள்ளே நீர் செறிந்த கூழ். அக்கூழிலே வாழும் கலங்களுக்கு வேண்டிய போஷாக்கு, மேலும் கீழும் மூடியிருக்கும் கசியிழைய முனைத்தட்டுகளின் வழியே மெல்ல ஊறித்தான் வந்து சேரவேண்டும்.

விரலை அரிவாள் கீறினால், ஒரு மைக்கிரோலீற்றர் குருதியில் 150,000 முதல் 450,000 வரை இருக்கும் சிறுதட்டுகள் அங்கே திரண்டு, குருதியை உறையச் செய்வதோடு, காயம் ஆறத் துணைசெய்யும் வளர்ச்சிக் காரணிகளையும் சொரிகின்றன. இடைத்தட்டின் நடுவுக்கு அந்த உதவி எட்டுவதில்லை. ஆகவேதான், நோயாளியின் கையிலிருந்து குருதி எடுத்து, பொறியிலிட்டு வேகமாய்ச் சுழற்றி, சிறுதட்டுகள் செறிந்த பகுதியைப் பிரித்து, எக்ஸ்ரே துணையோடு ஊசிவழி இடைத்தட்டினுள்ளே செலுத்திப் பார்க்கலாம் என்ற எண்ணம் பிறந்தது. பன்றியின் இடைத்தட்டுக் கலங்களைக் கொண்டு செய்து 2006இல் வெளியான ஆராய்ச்சியொன்றில், இத்திரவம் அக்கலங்களைத் தூண்டிப் புரதப் பொருள்களைக் கூடுதலாக உற்பத்தி செய்வித்தது. நியூயோர்க்கில் 47 பேரிடம் நடத்தி 2016இல் வெளியிட்ட பரீட்சையில், 8 வாரங்களில் இச்சிகிச்சை பெற்றோரின் நிலை மற்றவர்களினும் மேம்பட்டிருந்தது. பின்வந்த பரீட்சைகள் சில அதை ஆமோதிக்கவில்லை. நோவு தணிந்ததாலேயே தட்டு வளர்ந்துவிட்டதென்று கொள்வதும், என் அபிப்பிராயத்தில், அவசரமே.

இவ்விடத்தில்தான் கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையின் எஸ். ராஜசேகரனும் அவருடைய சகாக்களும் செய்து, 2004இல் இடுப்பு முள்ளந்தண்டு ஆராய்ச்சிக்கான சர்வதேசச் சங்கத்தின் பரிசைப் பெற்ற ஆய்வு மிகவும் பிரயோசனமாகிறது. நாளத்தில் ஒரு சாயமருந்தை ஏற்றி, 24 மணி நேரம்வரை எம்.ஆர்.ஐ. படங்களை மீண்டும் மீண்டும் எடுத்து, அம்மருந்து இடைத்தட்டினுள் ஊறிச் செல்லும் பாதையை அவர்கள் தொடர்ந்தார்கள். என்பில் நிமிஷக் கணக்கில் தோன்றிய மருந்து கூழின் நடுவை அடைய மணிக்கணக்காயிற்று என்பதும், முனைத்தட்டு பழுதுற்றால் அந்த ஊற்றின் போக்கே மாறிவிடுகின்றது என்பதும் புலனாயின. பாதை கெட்ட தட்டினுள்ளே ஊசியால் கலங்களைப் பெருக்கினால், நீர் ஏறாத மாடியில் குடிகளைக் கூட்டியதுபோல், இருக்கும் கலங்களும் பட்டினி கிடக்க நேரலாமன்றோ?

இவ்வளவையும் படியில் நின்றபடியே கேட்ட அம்மா, “போன வருஷம் எடுத்த எம்.ஆர்.ஐ. படத்திலை அந்த முனைத்தட்டுத் தெரியுமோ?” என்றார். தெரியும், ஆனால் அதைப் பார்த்துச் சொல்லவேண்டியவர் முள்ளந்தண்டு வைத்தியரேயன்றி நானல்லேன் என்றேன். கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, படத்தைத் தேடி எடுக்க அவர் மேலே ஏறிப்போனார்.