சாக்கும் சரக்கும்

மஞ்சள் நிலத்தில் ஒன்பது மாத காலம் இருக்கிறது. அதை வெட்டி எடுத்து, வேகவைத்து, களத்தில் காயவைத்து, மெருகேற்றி முடிப்பதற்குள் மேலும் பல வாரங்கள் சென்றுவிடுகின்றன. இவ்வளவு பாடுபட்டுத் தேற்றிய சரக்கை எதில் போட்டுக் கட்டுவது என்ற கேள்வி எழும்போது மட்டும், வீட்டில் எந்தச் சாக்கு காலியாகக் கிடக்கிறதோ அதையே நம்மில் அநேகர் எடுத்துக்கொள்கிறோம். பெரும்பாலும் அது யூரியாச் சாக்காக இருக்கும். அதற்கு விலை கொடுக்க வேண்டியதில்லை, தூக்கக் கனமில்லை, நனைந்தாலும் மக்குவதில்லை. ஆயினும் விற்பனைக் கூடத்தில் மூட்டையின் வாயை அவிழ்த்துப் பார்க்கும் வேளையில்தான் இந்தச் சிக்கனத்தின் உண்மையான விலை தெரிய வருகிறது.

யூரியா காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் கட்டியாகிவிடும் இயல்புடையது. ஆகையால், வெளி ஈரம் உள்ளே புகாதிருக்கும் பொருட்டே அதன் பை பிளாஸ்டிக் இழைகளால் நெய்யப்பட்டு, மெல்லிய பிளாஸ்டிக் படலமும் சேர்க்கப்படுகிறது. யூரியாவுக்கு அது மிகப் பொருத்தமான உறையே. ஆனால் வெளி ஈரத்தை உள்ளே விடாத உறை, உள்ளே இருக்கும் ஈரத்தையும் வெளியே விடாது. அரைகுறையாகக் காய்ந்த மஞ்சளை அதில் கட்டி வைத்தால், பகலில் சரக்கிலிருந்து எழும் ஆவி இரவில் பையின் உட்புறத்தில் வியர்வையாகப் படிந்து மீண்டும் சரக்கின்மீதே இறங்குகிறது. பூஞ்சாணம் பிடிக்க இது போதும். உரத்தின் மிச்சம் ஒட்டிய பையில் உண்ணும் பொருளைப் போடுவது தகாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே, சாக்கைத் தேர்ந்தெடுக்குமுன் கேட்க வேண்டிய கேள்வி, ‘எது மலிவு, எது உறுதி’ என்பதன்று. ‘இந்தச் சரக்குக்குப் பகை எது’ என்பதே. ஒன்றுக்கு ஈரம் பகை, ஒன்றுக்குக் காற்றோட்டமின்மை பகை, ஒன்றுக்கு வண்டு, மற்றொன்றுக்கு மேலே அழுத்தும் பாரம். பகையை அறிந்தால் உறை எது என்பது தானே விளங்கும்.

மஞ்சளை முதலில் பார்ப்போம். நன்கு காய்ந்த மஞ்சளில் ஈரம் 10 சதவிகிதத்துக்கு மேல் இருத்தலாகாது. விரலி மஞ்சளை ஒடித்தால் உலோகம் தட்டியதுபோல் ‘டங்’ என்ற ஓசையுடன் ஒடிய வேண்டும் என்பது நமது பெரியோர் கண்ட சோதனை. இன்றும் அது பொய்ப்பதில்லை. அவ்வாறு காய்ந்த சரக்குக்குச் சணல் சாக்கே ஏற்றது. அது காற்றை விடும். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் வழுக்காது. பிளாஸ்டிக் சாக்கோ உயர அடுக்கினால் சரிந்து விழும். வெயிலில் கிடந்தால் சில மாதங்களில் இழை நைந்து உதிரும். மஞ்சளின் நிறம் வெளிச்சத்தில் மங்கக்கூடியதாகையால், அடுக்கும் இடம் இருட்டாகவும் இருக்க வேண்டும். தரையில் மரச்சட்டங்களை இட்டு, சுவரிலிருந்து ஒரு முழத்துக்குக் குறையாமல் இடைவெளி விட்டு அடுக்குவது முறை.

சணல் சாக்கிலும் ஒரு குறை உண்டு. சணலை நூற்பதற்கு முன் அதை மென்மையாக்கப் பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் எண்ணெய் தெளிப்பது நெடுங்கால வழக்கம். புதுச் சாக்கில் வீசும் மண்ணெண்ணெய் போன்ற வாடை அதனால் வருவதே. அந்த வாடை உணவுப் பொருளில் ஏறுகிறது என்று வெளிநாட்டில் கோக்கோவும் காப்பிக்கொட்டையும் வாங்குவோர் மறுப்புத் தெரிவிக்கவே, சர்வதேச சணல் அமைப்பு 1998-இல் உணவுக்கேற்ற சாக்குக்கு ஒரு தர அளவை வகுத்தது. அவ்வகைச் சாக்குகளில் தவிட்டெண்ணெய் போன்ற தாவர எண்ணெய் பயன்படுகிறது. ஏற்றுமதிக்கு மஞ்சள் அனுப்பும் கூட்டுறவுச் சங்கங்களும் உற்பத்தியாளர் குழுக்களும் சாக்கு வாங்கும்போது இதைக் கேட்டு வாங்குதல் நலம்.

மஞ்சளுக்கு நேர்மாறானது நாட்டுச் சர்க்கரை. கவுந்தப்பாடிச் சந்தையின் சர்க்கரை பழனிப் பஞ்சாமிர்தத்துக்குச் செல்வதை யாவரும் அறிவர். இதற்குப் பகை வெளி ஈரம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வெறும் சணல் சாக்கில் வைத்த சர்க்கரை கசிந்து, சாக்கே பிசுபிசுத்துவிடும். இங்கே காற்றோட்டம் உதவாது. சாக்கினுள் ஈரம் புகாத உட்பை இட்டு, வாயை இறுகக் கட்ட வேண்டும். மஞ்சளுக்குக் கேடு செய்த பிளாஸ்டிக் இங்கே காவலாகிறது என்பதைக் கவனிக்க. உட்பை புதியதாகவும் உணவுக்கு ஏற்றதாகவும் இருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

சின்ன வெங்காயம் கட்டி வைத்த பின்னும் உயிருள்ள பொருள். அது மூச்சு விடுகிறது. அதற்காகவே நமது ஊர்களில் கல்லின்மீது கழிகளைப் பரப்பி, பக்கங்களில் காற்று நுழைய விட்டு, மேலே ஓலை வேய்ந்து பட்டறை போடுகிறார்கள். பட்டறையில் மாதக்கணக்கில் கெடாதிருந்த வெங்காயம், நெருக்கமாக நெய்த சாக்கில் இரண்டு நாள் லாரிப் பயணத்தில் வெந்துபோவதுண்டு. வலைச் சாக்கு என்பது பட்டறையின் தத்துவத்தை மூட்டைக்குக் கொண்டுவந்ததே அன்றி வேறல்ல. கொப்பரையைப் பற்றி ஒரு வார்த்தை: ஈரம் 6 சதவிகிதத்துக்கு வந்திருந்தாலும், களத்து வெயிலின் சூட்டோடு மூட்டை கட்டலாகாது. நிழலில் ஆறிய பிறகே கட்ட வேண்டும். காங்கயம், அவல்பூந்துறை வட்டாரத்தார் இதை நன்கு அறிவர்.

இனிப் பருத்திக்கு வருவோம். சாக்கினால் விளையும் நஷ்டம் கண்ணுக்குத் தெரியாமல் நெடுந்தூரம் செல்வது இதில்தான். தமிழ்நாட்டின் முதல் ஒழுங்குமுறை விற்பனைக் கூடம் 1936-இல் திருப்பூரில் பருத்திக்காகவே ஏற்பட்டது. அன்றுபோல் இன்று நமது கரிசல் நிலங்களில் பருத்தி பரந்து விளையவில்லை. கோயம்புத்தூர் நூற்பாலைகளுக்கு வேண்டிய பஞ்சில் பெரும்பகுதி குஜராத், மகாராஷ்டிரம் முதலிய மாநிலங்களிலிருந்து வருகிறது. எனினும், பருத்தி போடுவோர் இன்னும் இருக்கிறார்கள். ஆலை வேலையை நம்பியிருக்கும் குடும்பங்களோ நமது கிராமங்களில் ஏராளம்.

பருத்தி எடுக்கும் பெண்கள் காட்டுக்கு யூரியாச் சாக்கைக் கொண்டு செல்கிறார்கள். அதன் வாய்ப்புறம் மடித்துத் தைக்காமல் வெட்டப்பட்டிருந்தால், நாடா போன்ற இழைகள் பிரிந்து பருத்தியோடு கலக்கின்றன. பிளாஸ்டிக் கயிற்றால் கட்டிய மூட்டையை அவிழ்க்கையில் நறுக்கிய துண்டுகளும் உள்ளே விழுகின்றன. அரவை ஆலையில் அவை பஞ்சோடு சேர்ந்து பொதியாகின்றன. நூற்பாலையில் பஞ்சைப் பிரித்துச் சீவும் இயந்திரங்களில் அகப்பட்ட ஒரே ஓர் இழை எண்ணற்ற நுண்ணிய துணுக்குகளாகச் சிதறி, வெகுதூரம் நூலில் கலந்துவிடுகிறது. அதன் பின் அதைப் பிரித்தெடுக்க வழியில்லை.

இதன் கெடுதி நூலில் தெரிவதில்லை. நெய்த துணியிலும் தெரிவதில்லை. திருப்பூரில் பின்னிய துணி சாயத்தொட்டியிலிருந்து வெளிவரும்போதுதான் தெரிகிறது. பருத்தி சாயத்தை ஏற்கும். பாலிபுரோப்பிலீன் என்னும் அந்தப் பிளாஸ்டிக் இழை சாயத்தை ஏற்காது. கருநீலத் துணியில் வெள்ளைப் புள்ளியும் கோடும் தோன்றும். நூற்று, பின்னி, சாயமேற்றிச் செலவெல்லாம் செய்து முடிந்த பிறகு துணி கழிவாகிறது. வாங்கியவர் ஆலைமீது பழி கூறுவார். ஆலை பஞ்சு வியாபாரிமீது கூறும். கடைசியில் அது பருத்தி விலையில் வந்து விடியும். உலக நூற்பாலைகளின் சம்மேளனம் எடுத்துவந்த கலப்பட மதிப்பீடுகளில் இந்தியப் பஞ்சின் பல வகைகள் அந்நியப் பொருள் மிகுந்தவற்றின் வரிசையில் இடம்பெற்றது நமக்குப் பெருமையன்று.

கோயம்புத்தூர் ஆலைகளில் பொதியைப் பிரித்துப் பரப்பி, இழையையும் மயிரையும் கோழியிறகையும் கையால் பொறுக்கி எடுப்பதற்கென்றே பெண்கள் அமர்த்தப்படுகிறார்கள். பஞ்சு ஓடும் பாதையில் புகைப்படக் கண் வைத்து, வேற்றுப் பொருளைக் கண்டதும் காற்றை ஊதி வெளியே தள்ளும் இயந்திரங்களும் வந்துவிட்டன. ஆனால் வண்ணச் சாக்கின் இழையை எளிதில் காணும் அக்கண்ணுக்கு, பஞ்சைப் போலவே வெண்மையான யூரியாச் சாக்கின் இழையைக் காண்பது கடினம். 1974-இல் கோயம்புத்தூரில் உருவாக்கப்பட்ட சுவின் போன்ற மிக நீண்ட இழைப் பருத்தியை வளர்த்து, அதை இந்தச் சாக்கில் கட்டுவோமாயின், பட்டுப்புடவையைக் கரித்துணியில் சுற்றுவதற்கு ஒப்பாகும்.

மாற்று மிகச் சாதாரணமானது. பழைய பருத்தி வேட்டியையோ காடாத் துணியையோ தைத்த பை போதும். அதிலிருந்து இழை பிரிந்தாலும் அதுவும் பருத்தியே, சாயம் ஏற்கும். சணல் சாக்கு இவ்விடத்தில் உதவாது. சணல் இழையும் பஞ்சில் கலந்தால் குற்றமே. காயவைக்கும் இடத்திலும் பிளாஸ்டிக் படுதாவை விடுத்துப் பருத்தித் துணி விரிக்க வேண்டும். மூட்டையைப் பருத்தி நூலால் தைக்க வேண்டும். பறிப்பவர்கள் தலையில் பருத்தித் துணி கட்டிக்கொள்வது நல்லது.

பயறு வகைகளுக்கும் விதைக்கும் பகை வண்டு. பயறு வண்டு காட்டிலேயே காய்மீது முட்டையிட்டுவிடுகிறது. நாம் அதைத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்து கட்டி வைக்கிறோம். துவரைக்குச் செம்மண் கட்டி வைத்த நமது வழக்கம் இதற்காகவே. 1980-களின் இறுதியில் ஆப்பிரிக்காவிலுள்ள காமரூனில், அமெரிக்கப் பர்டூ பல்கலைக்கழகத்தார் தட்டைப் பயறுக்கு மூன்றடுக்குப் பை ஒன்றைக் கண்டனர். உள்ளே இரண்டு தடித்த பிளாஸ்டிக் பைகள், வெளியே நெய்த பை. வாயை முறுக்கி இறுகக் கட்டினால், உள்ளிருக்கும் வண்டுகள் அங்குள்ள பிராணவாயுவைத் தாமே தீர்த்துவிட்டு மடிகின்றன, மருந்து தேவையில்லை. ஆனால் பயறு நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈரமானி இல்லாதவர்கள், ஒரு கண்ணாடிப் புட்டியில் தானியத்தோடு உலர்ந்த உப்பை இட்டுக் குலுக்கிச் சற்று நேரம் வைத்துப் பார்க்கலாம். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் ஈரம் 15 சதவிகிதத்துக்கு மேல் என்று கொள்க. மீண்டும் களத்துக்கே செல்ல வேண்டியதுதான்.

தக்காளிக்கும் முட்டைக்கும் பகை பாரம். உடுமலைச் சந்தையின் 14 கிலோப் பெட்டியை அடுக்கினால், மேற்பெட்டியின் எடையைக் கீழ்ப்பெட்டியின் சட்டம் தாங்க வேண்டும்; பழம் தாங்கலாகாது. விளிம்புக்கு மேல் கூம்பாக நிரப்பினால் அந்த நியாயம் கெட்டு, பாலக்காடு சேருமுன் கீழ்ப்பெட்டியில் சாறு வடியும். நாமக்கல் முட்டை 30 குழிக் காகிதக்கூழ்த் தட்டில் அகன்ற முனை மேலாக நிற்கிறது. காற்றறை மேலே இருந்தால் மஞ்சள் கரு நடுவில் நிலைக்கும். நனைந்த தட்டு வலுவிழந்துவிடுமாதலால் அதை மறுபடி பயன்படுத்தலாகாது.

பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கு இவ்விஷயத்தில் இரண்டு பணிகள் உண்டு. ஒன்று உலர்களம். எந்த உறையும் காயாத சரக்கைக் காப்பாற்றாது. அறுவடைக் காலத்தில் களம் வண்டி நிறுத்துமிடமாகவோ பந்தல் போடும் இடமாகவோ மாறிவிடாமல், முறை வைத்து விட வேண்டும். மற்றொன்று சாக்கு எடையைக் கழிக்கும் விவகாரம். 50 கிலோ கொள்ளும் சணல் சாக்கு அரைக் கிலோவுக்குச் சற்று மேலிருக்கும். அதே அளவு பிளாஸ்டிக் சாக்கு சுமார் 100 முதல் 150 கிராம்தான். இரண்டுக்கும் ஒரே கழிவு எடுக்கும் இடங்களில், நல்ல சாக்கில் கட்டியவருக்கும் மலிவுச் சாக்கில் கட்டியவருக்கும் கணக்கு ஒன்றாகிவிடுகிறது. சந்தைக்குப் போகுமுன் ஊர்த் தராசில் பத்துக் காலிச் சாக்குகளை நிறுத்து, சராசரியை ஒரு சீட்டில் குறித்துக்கொண்டு செல்லலாம். மழைக்காலத்தில் சாக்கை வெயிலில் காயவைத்த பிறகே நிறுக்க வேண்டும். ஈரச் சணல் எடை கூட்டிக் காட்டும்.