நாற்காலியில் உட்காருகிறவருக்கு இடுப்பு வலி வருமா?



"என்னங்க டிரெசர் ஐயா, காலையிலேருந்து குனிஞ்சு குனிஞ்சு உதிரிப் பழம் பொறுக்கறவ நான். எனக்கு இல்லாத இடுப்பு வலி, ஆபீஸ்ல காத்தாடிக்குக் கீழ உக்காந்திருக்கிற இவளுக்கு எங்கேருந்து வந்துச்சு? எல்லாம் சோம்பேறித்தனம்!"

மகளைக் கையோடு அழைத்து வந்த ஒரு தாய் இப்படித்தான் என்னிடம் கேட்டார். அந்தப் பெண் தோட்ட அலுவலகத்தில் கிராணி வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம். அந்தக் குடும்பத்தில் மேசை வேலைக்குப் போன முதல் பிள்ளை.

என் தவற்றை முதலில் ஒப்புக்கொள்கிறேன். இரண்டு தடவை வலி மாத்திரையும் தைலமும் கொடுத்து அனுப்பினேன். "எப்படி உட்கார்ந்து வேலை செய்யறே?" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மூன்றாம் தடவை, தாய் வெளியே போன நேரம் பார்த்து அந்தப் பெண் அழுதுவிட்டாள். வேலையை விட்டுவிடக் கடிதம் எழுதி வைத்திருந்தாளாம். மறுநாளே பெரிய கிராணியிடம் சொல்லிவிட்டு, அவள் உட்காரும் இடத்தைப் பார்க்கப் போனேன்.

பார்த்ததும் விளங்கிவிட்டது. முன்பு அங்கே இருந்தவர் நல்ல உயரம். நாற்காலி அவர் அளவில் நின்றது. இவளோ ஐந்தடிக்கும் குறைவு. கால் தரையில் எட்டவில்லை. ஆகவே நாற்காலி நுனிக்கு நகர்ந்து, கால் விரலை ஊன்றிக்கொண்டு, முதுகு சாயாமல் எட்டு மணி நேரம்! "கீழே பிடி இருக்கே, திருப்பிப் பார்க்கலையா?" என்றேன். "ஆபீஸ் சாமான், கெட்டுப் போனா ஏசுவாங்கன்னு தொடலைங்க ஐயா" என்றாள்.

சும்மா உட்கார்ந்தால் முதுகுக்கு ஓய்வு என்று நினைக்கிறோம். அது சரியல்ல. சுவீடன் நாட்டு மருத்துவர் ஆல்ப் நாசெம்சன் 1960-களில் முதுகெலும்புகளுக்கு நடுவே உள்ள தட்டில் ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்து பார்த்தார். நிமிர்ந்து நிற்பதைவிட, உட்கார்ந்து முன்பக்கம் வளையும்போது அழுத்தம் கூடுதல் என்று கண்டார். அதோடு, அசையாமல் இருந்தால் தசை இறுகிப்போகும்.

நாற்காலியை இப்படிச் சரி செய்ய வேண்டும்:

1. உயரம்: நாற்காலிக்கு முன்னால் நில்லுங்கள். இருக்கை முழங்கால் சில்லுக்குச் சற்றுக் கீழே இருக்கட்டும். உட்கார்ந்தால் பாதம் முழுவதும் தரையில் படிய வேண்டும். பெரும்பாலும் வலப்பக்கம் அடியில் ஒரு பிடி இருக்கும். பாரத்தை எடுத்துவிட்டுப் பிடியைத் தூக்கினால் இருக்கை ஏறும். உட்கார்ந்துகொண்டு தூக்கினால் இறங்கும்.

2. ஆழம்: பின்னால் தள்ளி உட்காருங்கள். இருக்கை விளிம்புக்கும் முழங்காலின் பின்பக்கத்துக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். நுழையாவிட்டால் முதுகுக்குப் பின்னால் ஒரு சிறு தலையணை வையுங்கள்.

3. முதுகு: இடுப்பு வார் கட்டும் இடத்தில் உள்ள வளைவில் சாய்மானம் முட்ட வேண்டும். முட்டாவிட்டால் துவாலையைச் சுருட்டி வைத்தாலே போதும். விறைப்பாக நிமிர வேண்டாம். சற்றுப் பின்னால் சாய்வது நல்லது.

4. கை: தோள் தொங்கியபடி, முழங்கை மேசை மட்டத்தில் இருக்க வேண்டும். தோளைத் தூக்கிக்கொண்டு தட்டினால் கழுத்து வலி வரும்.

5. கணினித் திரை: ஒரு கை நீளத் தூரத்தில், மேல் விளிம்பு கண் மட்டத்தில் இருக்கட்டும்.

6. எழுந்திருங்கள்: அரை மணிக்கு ஒரு தடவையாவது எழுந்து நாலு அடி நடங்கள். எவ்வளவு நல்ல நாற்காலியானாலும் நாள் முழுக்க ஒரே மாதிரி உட்கார ஏற்றதல்ல.

அந்தப் பெண்ணின் மேசை உயரம், குறைக்க வழியில்லை. ஆகவே நாற்காலியை முழங்கை மட்டத்துக்கு இன்னும் கொஞ்சம் ஏற்றினோம். காலுக்கு என்ன செய்வது? ஆபீஸ் பையன் பழைய செக்ரோல் புத்தகங்களைக் கொண்டுவந்து போட்டான். "புத்தகத்து மேல கால் வைக்கிறதா? அது சரஸ்வதி!" என்று அவள் பதறிவிட்டாள். சரி, செக்ரோல் திரைக்கு அடியில் போயிற்று; காலுக்கு ஸ்டோரிலிருந்து ஒரு மரப்பெட்டி வந்தது. செலவு ஒரு காசு இல்லை.

நாற்காலி தானாகக் கீழே இறங்கினாலோ ஆடினாலோ அதை மாற்றித் தரச் சொல்லுங்கள். நடுத் தண்டில் அழுத்தமான வாயு உண்டு. வீட்டில் பிரித்துப் பழுது பார்க்காதீர்கள். 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டப்படி தொழிலாளியின் நலத்தை இயன்றவரை காப்பது முதலாளியின் கடமை. உட்கார்ந்து செய்யும் வேலையும் அதில் அடக்கம். கேட்கத் தயங்கினால் தோட்டக் கமிட்டியிடம் சொல்லுங்கள்.

ஒரு எச்சரிக்கை. காலில் பலம் குறைந்தாலோ, உட்காரும் இடம் மரத்துப்போனாலோ, சிறுநீர், மலம் கட்டுக்குள் இல்லாவிட்டாலோ அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். முதுகு வலியோடு காய்ச்சலோ உடல் மெலிவோ இருந்தாலும், விழுந்த பிறகு வலி வந்தாலும் டாக்டரிடம் காட்டத் தாமதிக்கக் கூடாது. இவை நாற்காலியால் தீராது.

மூன்று வாரம் கழித்து அந்தப் பெண் வந்தாள். வலி முற்றும் போகவில்லை. பாதிக்கு மேல் குறைந்திருந்தது. கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டாளாம்.

அவளுக்குப் பின்னாலேயே தாயும் வந்தார். கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்தபடி இருந்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "எனக்கும் இடுப்பு வலிதாங்க ஐயா, ரொம்ப வருஷமா. சொன்னா வேலைக்கு ஆகமாட்டான்னு சொல்லிடுவாங்களோன்னு சொல்லலை."

வலியை மறைப்பது வீரமல்ல, தோழர்களே. மகளைச் சோம்பேறி என்றவர் தன் வலியை இத்தனை வருடம் ஒளித்து வைத்திருந்தார். குனிந்து வேலை செய்கிறவர் இடுப்பைக் காப்பது எப்படி என்று அடுத்த இதழில் எழுதுகிறேன். அதுவரை, இன்று வேலைக்குப் போனதும் உங்கள் நாற்காலிக்கு அடியில் உள்ள பிடியை ஒரு தடவை தொட்டுப் பாருங்கள். யாரும் ஏச மாட்டார்கள்.