சிக்கிய டம்ளரும் படகின் தண்டும்

அடுக்களையில் இரண்டு எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றுக்குள் ஒன்று சிக்கிக்கொண்டு பிரிய மறுப்பதைப் பார்த்திருப்பீர்கள். இழுத்தால் வராது, தட்டினால் விளிம்பு நசுங்கும். உள் டம்ளரில் குளிர்ந்த நீரை ஊற்றி, வெளி டம்ளரைச் சற்று நேரம் வெந்நீரில் நிறுத்தினால் இரண்டும் பிரிந்துவிடும். இதே சிக்கல் பழைய பாய்மரப் படகுகளின் அடியில் பல மடங்கு பெரிதாக எழுகிறது.

1960, 1970-களில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கண்ணாடி இழையால் கட்டப்பட்ட பாய்மரப் படகுகள் பல இன்றும் கடலில் ஓடுகின்றன. காற்று இல்லாத வேளைக்கென்று பலவற்றில் சிறிய டீசல் எஞ்சினும் உண்டு. எஞ்சினிலிருந்து படகின் அடிப்புறம் வழியாக வெளியே செல்லும் எஃகுத் தண்டின் முனையில் புரொப்பெல்லர் சுழல்கிறது. தண்டைத் தாங்கும் ரப்பர் தாங்கி தேய்ந்தாலும், தண்டே அரிக்கப்பட்டாலும் அதை வெளியே எடுத்தாக வேண்டும். பல்லாண்டுகள் உப்பு நீரில் கிடந்த தண்டு இலேசில் வருமா?

முதலில் புரொப்பெல்லரைக் கவனிப்போம். தண்டின் முனை கூம்பாகக் கடையப்பட்டிருக்கும். ஒரு வகைத் தண்டில் 10 மி.மீ. நீளத்துக்கு 1 மி.மீ. வீதம் விட்டம் குறையும். புரொப்பெல்லரின் துளையும் அதே சரிவுடையது. நட்டை முடுக்கினால் இரண்டும் ஆப்புபோல் இறுகும். இச்சரிவு அச்சுடன் அமைக்கும் கோணம் ஏறத்தாழ 3 பாகைதான். உராய்வுக் குணகம் 0.15 என்று கொண்டால் உராய்வுக் கோணம் 8.5 பாகை. சாய்தளத்தின் கோணம் உராய்வுக் கோணத்தைவிடக் குறைவாக இருந்தால் அதன்மேல் வைத்த பொருள் தானாக வழுக்காது என்று படித்திருக்கிறோம் அல்லவா? அதனால்தான் நட்டைத் தளர்த்திய பிறகும் புரொப்பெல்லர் அசைவதில்லை.

இங்கே ஓர் ஆபத்தும் உண்டு. இறுகிய உலோகம் அமுக்கப்பட்ட சுருள்வில் போன்றது. அதில் ஆற்றல் அடங்கியிருக்கிறது. இழுப்பான் கருவியால் இழுக்கும்போது, பிடி விடும் கணத்தில் கனமான புரொப்பெல்லர் துள்ளிப் பாயும். ஆகவே நட்டை முழுதும் கழற்றாமல், சில சுற்றுகள் மட்டும் தளர்த்தி அப்படியே விட்டுவைக்க வேண்டும். எதிரே இருப்பவரின் கைகளைக் காப்பது அந்த நட்டுதான்.

அடுத்து, தண்டின் மறுமுனை. அங்கே கப்ளிங் என்னும் எஃகு வளையம் தண்டைக் கியர் பெட்டியின் தட்டோடு இணைக்கிறது. அதைச் சுத்தியலால் அடித்தால், அடியின் விசை கியர் பெட்டியின் தாங்கிகளுக்குப் போய்ச் சேர்ந்து அவற்றைக் கெடுக்கும். விவரமறிந்தவர்கள் வேறு வழி செய்வார்கள். கப்ளிங்கைத் தட்டிலிருந்து பிரித்து, தண்டின் முனைக்கும் தட்டுக்கும் இடையே தண்டைவிடச் சிறிய இரும்புத் துண்டு ஒன்றை வைப்பார்கள். பிறகு நீளமான போல்ட்டுகளைப் போட்டு, ஒவ்வொன்றாகக் கால் சுற்று கால் சுற்றாக முடுக்குவார்கள். கப்ளிங் தட்டை நோக்கி வர, தண்டு அதிலிருந்து வெளியே தள்ளப்படும். போல்ட் இழுக்கும் விசையும் துண்டு தள்ளும் விசையும் தட்டிலேயே ஒன்றையொன்று ஈடுசெய்வதால் கியர் பெட்டிக்கு அதிர்ச்சி இல்லை. 10 மி.மீ. போல்ட்டை 15 செ.மீ. ஸ்பானரால், 10 கிலோ எடைக்குச் சமமான விசையோடு திருப்பினால், உராய்வு இழப்பு போகவும் சுமார் 700 கிலோ எடைக்குச் சமமான இழுவிசை கிடைக்கும்!

அப்போதும் வராவிட்டால் வெப்பம் துணைபுரியும். 25 மி.மீ. துளையுள்ள எஃகுக் கப்ளிங்கை 100 பாகை செல்சியஸ் சூடேற்றினால் துளை 0.03 மி.மீ. விரியும். இவ்வளவு சிறிய இடைவெளியே பெரும்பாலும் போதும். ஆனால் துருப்பிடிக்காத எஃகுத் தண்டு, சாதாரண எஃகைவிட அதிகமாக விரியக்கூடியது. மெதுவாகச் சூடேற்றி இரண்டும் ஒரே வெப்பநிலையை அடைந்துவிட்டால் பிடி தளராது, மேலும் இறுகும்! எனவே கப்ளிங்கை மட்டும் விரைவாகச் சூடேற்ற வேண்டும். எரிபொருளும் கண்ணாடி இழையும் அருகில் இருப்பதால் தீச்சுவாலை ஆகாது. வெந்நீரில் நனைத்த துணியோ சூடான காற்றோ தக்கது.

இவற்றுக்கெல்லாம் முன்பே படகைக் கரையேற்றியிருக்க வேண்டும். நீர்மட்டத்துக்கு அரை மீட்டர் கீழே உள்ள 25 மி.மீ. துளை வழியாக நொடிக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் புகும்; ஒரு மணி நேரத்தில் மூன்றரை டன்! தண்டு நழுவி வெளியே போன படகு மூழ்குவதற்கு அதிக நேரம் வேண்டாம்.

சிக்கிய பொருளைக் கண்டதும் கை சுத்தியலைத் தேடுவது இயல்பு. அதைப் பிடித்திருப்பது எது, அந்தப் பிடி எந்தத் திசையில் தளரும் என்று முதலில் கேட்டுப் பாருங்கள். டம்ளருக்கும் படகுக்கும் விடை ஒன்றுதான்.